கிறித்து பிறப்புப் பலகாரமும் ‘சுடுதல்’ என்னும் வினையும் – கடலூர் வட்டார வழக்கை முன்வைத்து

மார்கழித் திங்கள் பிறந்து பத்து நாள் செல்வதற்குள் கடலூர் வட்டாரத்துக் கிறித்தவர் இல்லங்களில் ஒரு வினா பலமுறை செவியில் விழும். ‘பலகாரம் சுட்டாயிற்றா?’ என்பதே அவ்வினா. அப்பலகாரங்களுள் எண்ணெயில் வேவனவும் உண்டு. கல்லில் வேவனவும் உண்டு. மேலும் கீழும் தணலிட்டு மூடிய கலத்தினுள் வேவனவும் உண்டு. ஆங்கிலமாயின் இம்மூன்று தொழிற்கும் மூன்று வினைகள் வேண்டும். கடலூர்ப் பெண்டிர்க்கோ ‘சுடு’ என்னும் ஒரு வினையே போதுமானதாக இருக்கின்றது.

மேனாட்டாரின் கேக்கு, ரொட்டி முதலியவற்றை ஆக்கும் தொழிலைக் குறிக்கத் தமிழில் நேர்ச்சொல் இல்லை என்று மொழிபெயர்ப்போர் குறைபடுவதுண்டு. அக்குறையை நிரப்புவான் வேண்டி ‘அடுமனை’, ‘வெதுப்பகம்’ முதலிய ஆக்கச் சொற்களும் தோன்றியுள்ளன. கிறித்து பிறப்பு விழாவையொட்டிக் கடலூர், சிதம்பரம் பகுதி வீடுகளில் நிகழும் பலகாரத் தொழிலை நோக்கின், அக்குறை நம் மொழியின்பாலது அன்று, நாம் நோக்கிய இடத்தின்பாலது என்பது புலனாகும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் வினைச்சொற்களை நோக்குவோம். சோறு ஆக்கப்படும், சுடப்படுவதில்லை. இட்டலி அவிக்கப்படும். பயறு வறுக்கப்படும். அப்பளம் பொரிக்கப்படும். ஆனால் தோசை சுடுவர், வடை சுடுவர், அதிரசம் சுடுவர், முறுக்கும் சுடுவர். பனங்கிழங்கையும் கத்தரிக்காயையும் தணலில் இட்டுச் சுடுவர். செங்கல்லையும் மட்பாண்டத்தையும் சூளையில் இட்டுச் சுடுவர். எண்ணெய், கல், தணல், சூளை என வெப்பம் வரும் வாயில் வேறுபடினும் வினை வேறுபடவில்லை. ஆகவே ‘சுடுதல்’ என்பது வெப்பத்தின் வாயிலைக் குறித்த சொல் அன்று. பொருளில் நிகழும் மாற்றத்தைக் குறித்த சொல். ஈரமும் நெகிழ்ச்சியும் உடைய ஒன்று, நெருப்பின் வலியால் புறத்தே தோல் இறுகித் தனக்கென ஒரு வடிவு பெறுதலே சுடுதல் என்பது எம் கருத்து. சோற்றுக்கு அவ்வடிவு இல்லை. இட்டலிக்கு வடிவுண்டு, ஆயினும் நீராவியில் வெந்தமையால் இறுகிய தோல் இல்லை. வறுத்த பயற்றின் வடிவு நெருப்பால் வந்ததன்று. கேக்கிற்கு இவ்விரண்டும் உண்டு. குழைந்த மாவாய் உட்புகுந்து, மேற்புறம் பொன்னிறத் தோல் போர்த்து, கலத்தின் வடிவாய் வெளிவருவது அது. அதனைச் சுட்ட பண்டம் என்னாது வேறென்னென்பது?

இனி, பண்டங்கள் வந்த வழியைச் சிறிது காண்போம். மாப்பண்டம் சுட்டு விற்றல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. அப்ப வாணிகரைக் ‘கூவியர்’ என்னும் பெயரால் மதுரைக்காஞ்சியும் பெரும்பாணாற்றுப்படையும் குறிக்கின்றன. புதிதாய் வந்தது கோதுமை மாவைப் புளிக்கவைத்து மூடிய அடுப்பில் சுடும் முறையே. அதுவும் கடல் வழியாகவே வந்தது என்பதற்குச் சொற்களே சான்று. ‘பிஸ்கோத்து’ என்பது போர்ச்சுகீசியச் சொல்லின் வழிவந்தது. இருமுறை வெந்தது என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரினின்று பிறந்தது. கப்பலில் நெடுநாள் கெடாதிருத்தற்பொருட்டு ஈரம் அற இருகாற் சுட்ட உணவு அது. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்றும், அதனைச் சுடும் அடுப்பைப் ‘போறணை’ என்றும் வழங்குவர். இவ்விரண்டும் போர்ச்சுகீசியமே. அவர்கள் கிறித்து பிறப்பு விழாவையே ‘நத்தார்’ என்னும் போர்ச்சுகீசியப் பெயரால் அழைப்பர். தமிழகத்திலோ ‘கிறிஸ்துமஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரே நிலைத்தது. ஒரே மொழி பேசும் இரு கரையில் ஒரே திருநாளுக்கு இரு வேறு நாட்டார் பெயரிட்டுச் சென்றமை, எக்கரையில் எவர் ஆட்சி நிலைத்தது என்பதைக் காட்டும்.

கடலூர்க் கரையில் ஒருவர் அல்லர், பலர் வந்து தங்கினர். பறங்கிப்பேட்டை தன் பெயரிலேயே போர்ச்சுகீசியரைத் தாங்கி நிற்கின்றது. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் பண்டசாலை அமைத்தனர். ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து அங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை எனப் பெயரிட்டனர். கோட்டையினின்று சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை உள்ள ஊர்கள் அவ்விலைக்குள் அடங்கின. அவை குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. (சுடுதல் என்னும் வினை இங்கும் வந்து நிற்பதைக் கண்டு நகைப்பார் நகைக்கலாம்.) வடக்கே ஒரு நாழிகைப் பயணத்தில் பிரெஞ்சியர் ஆண்ட புதுச்சேரி, தெற்கே கொள்ளிடத்திற்கு அப்பால், 1620 முதல் 1845 வரை டென்மார்க்கினர் கையில் இருந்த தரங்கம்பாடி. சுவீடன் நாட்டினரான கீர்நாந்தர் 1740இல் கடலூருக்கு வந்து சீர்திருத்தச் சபையினரிடையே தொண்டாற்றினார். 1758இல் பிரெஞ்சியர் கடலூரைக் கைப்பற்றவே கல்கத்தா சென்றார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டென்மார்க்குச் சமயத் தொண்டர் தென்னார்க்காட்டில் நிறுவிய சபையே இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்க்காடு லுத்தரன் திருச்சபை. கத்தோலிக்கர் புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சார்ந்தவர். இத்துணைப் பேர் வந்து சென்ற கரையில், இன்ன பண்டம் இன்னாரால் வந்தது என்று ஒரே சொல்லில் கூறிவிடுதல் எளிதன்று.

விவிலியத்தை மொழிபெயர்த்தோர் இவ்விடர்ப்பாட்டை முதலில் எதிர்கொண்டோராவர். சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. அக்காலந்தொட்டு வழங்கிவரும் மொழிபெயர்ப்பு மரபில் ரொட்டிக்கு ‘அப்பம்’ என்னும் சொல்லே பெரிதும் நிலைபெற்றது. பழைய மொழிபெயர்ப்பில் யோசேப்பின் வரலாற்றில் வரும் ரொட்டி சுடுவோர் ‘சுயம்பாகி’ ஆயினர். சுயம்பாகி என்பது சமையற்காரனைப் பொதுவாகக் குறிக்கும் வடசொல். ஓசேயாவின் நூலிலோ அத்தொழிலாளி ‘அப்பஞ்சுடுகிறவன்’ எனப்பட்டான். இரண்டாம் சொல் எத்துணைத் தெளிவு! பெத்லகேம் என்னும் ஊர்ப்பெயர்க்கு எபிரேய மொழியில் அப்பத்தின் வீடு என்பது பொருள். அப்பத்தின் வீட்டில் பிறந்தவர் எனப்படுவாரின் திருநாளில் மாவும் நெருப்பும் முதன்மை பெறுதல் பொருத்தமே.

ஆயினும் கடலூர் இல்லங்களில் மூடிய அடுப்பு முன்னாளில் இல்லை. இருந்தது விறகடுப்பும் இருப்புச் சட்டியுமே. ஆதலின் விழாப் பலகாரங்களுள் பெரும்பாலன எண்ணெய்ப் பலகாரங்கள் ஆயின. முறுக்கு, அதிரசம், சோமாசி, ரவை உருண்டை ஆகியன தீபாவளிக்கும் இதற்கும் பொதுவானவை. அவற்றை விரித்தல் வேண்டா. கிறித்தவ இல்லங்களில் சிறப்பாகச் சுடப்படுவன இரண்டு: அச்சு முறுக்கும் குல்குலும்.

அச்சு முறுக்கிற்கு நீண்ட காம்பின் நுனியில் பூ வடிவாய் அமைந்த இரும்பு அல்லது பித்தளை அச்சு வேண்டும். இரண்டு கோப்பைப் பச்சரிசி மாவுக்கு ஒரு முட்டை, ஒரு கோப்பைத் தேங்காய்ப்பால், அரைக் கோப்பைச் சர்க்கரை, சிறிது எள் என்னும் அளவில் தோசை மாவினும் சற்று நீர்த்த பதத்தில் கரைப்பர். அச்சை முதலில் கொதிக்கும் எண்ணெயில் நிறுத்திச் சூடேற்றி, பின்னர் மாவில் முக்கால் உயரம் மட்டும் அமிழ்த்தி, மீண்டும் எண்ணெயில் பிடிப்பர். விளிம்பை மீறி மாவு ஏறுமாயின் பூ அச்சினின்று கழலாது. அச்சு குளிர்ந்திருந்தால் மாவு பற்றாது. மிகக் காய்ந்திருந்தாலோ, தொட்ட அளவிலேயே மாவு வெந்து மாவுக்கலத்திலேயே உதிரும். புதிய அச்சை ஓரிரவு எண்ணெயில் ஊறவைத்தே தொழிலுக்கு எடுப்பர். இத்துணை நுட்பமும் ஏட்டில் எழுதாது, மாமியார் கைவழி மருமகள் கைக்கும், தாய் கைவழி மகள் கைக்கும் வந்தவை.

இவ்வச்சைக் குறித்து ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். சுவீடன், நார்வே முதலிய வடநாடுகளிலும் கிறித்து பிறப்பு விழாவில் இதே வகை அச்சால் பலகாரம் சுடுகின்றனர். டென்மார்க்குத் தொண்டரும் சுவீடன் நாட்டுக் கீர்நாந்தரும் வாழ்ந்த கடலூரில் இவ்வொப்புமையைக் கண்டவுடன் ‘அவர்களே கொணர்ந்தனர்’ என்று கூற நாவெழும். ஆனால் அதே அச்சு ஈரானிலும் மெக்சிகோவிலும் உண்டு. கேரளத்தில் அச்சப்பம் என்னும் பெயரால் சிரியக் கிறித்தவரிடையே வழங்குகின்றது. இலங்கையில் ‘கொக்கிஸ்’ என்பர். அஃது ஒல்லாந்தரின் சொல், சிறு கேக்கு என்னும் பொருளது. அக்கொக்கிஸ் இன்று சிங்களவரின் சித்திரைப் புத்தாண்டுப் பலகாரமாயிற்று. கருவி ஒத்திருத்தலாலேயே வந்த வழியும் ஒன்று எனத் துணிதல் ஆராய்ச்சி நெறியன்று. இவற்றுள் சொல்லே சான்று பகரும் இடம் கொக்கிஸ் ஒன்றே. ஆங்கிலக் கேக்கு என்னும் சொல் பழைய வடநாட்டு மொழியின் ‘காக்கா’ என்பதினின்று வந்தது. ஒல்லாந்தரின் சொல்லும் அதற்கு உறவினதே. ஆகவே கேக்கும் கொக்கிசும் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஒன்று அடுப்பினுள்ளும் மற்றொன்று எண்ணெயுள்ளும் வேவன. மேனாட்டுச் சொல் குடும்பமே தமிழின் ‘சுடு’வைப் போல எண்ணெய்க்கும் அடுப்பிற்கும் பொதுவாய் நின்றமை இதனால் விளங்கும்.

குல்குல் என்பது கோதுமை மாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, சீப்பின் பல்மீது அழுத்திச் சுருட்டிச் சுடுவது. கோவா முதல் சென்னை வரை இது வழங்கும். இதற்கென்றே ஒரு புதுச் சீப்பை வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கும் இல்லங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தார் இதனையொத்த பலகாரத்தைச் ‘சிப்பி’ என்பர். பெயர் எதுவாயினும் இத்தொழிலுக்குக் கைகள் பல வேண்டும். ஆயிரம் சுருள் சுருட்டுதல் ஒருவரால் ஆவதன்று. இரவில் பாயை விரித்துச் சிறுவர், முதியோர் அனைவரும் வட்டமாய் அமர்ந்து சுருட்டுவர். பலகாரம் சுடுதல் என்னும் தொடர்க்குக் கூடியிருந்து செய்தல் என்னும் குறிப்பும் உண்டு என அகராதியில் சேர்த்தல் தகும். கடையில் பொட்டலமாய் வாங்கும் வழக்கம் பெருகிய பின் முதலில் மறைந்தது இந்த இரவுக் கூட்டமே.

எஞ்சியது கேக்கு. மூடிய அடுப்பு இல்லாத வீட்டில் அதனை எங்ஙனம் சுட்டனர்? இரு வழிகள் இருந்தன. ஒன்று, வீட்டில் கலவையைக் கலக்கித் தகரக் கலத்தில் வார்த்து, ரொட்டிக் கடைக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள பெரிய அடுப்பில் கூலி கொடுத்துச் சுட்டு வாங்குதல். கலத்தின் அடியில் அவரவர் பெயரைத் தாளில் எழுதி ஒட்டுவர். கல்கத்தா, பம்பாய், சென்னை என ஆங்கிலோ இந்தியர் வாழ்ந்த ஊர்கள் எங்கும் இவ்வழக்கம் பரவியிருந்தது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் ஒரே நிறை என்பதே பழைய கணக்கு. ஒரு பவுண்டுக் கேக்கு என்றால் நான்கும் ஒவ்வொரு பவுண்டு. ஆதலின் எழுத்தறியாதாரும் தராசு கொண்டு பிழையின்றிச் செய்தனர்.

மற்றொரு வழியே எம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. அகன்ற கனத்த பாத்திரத்தில் இருவிரல் உயரம் ஆற்றுமணலைப் பரப்பிச் சூடாக்குவர். அதன்மேல் கேக்குக் கலத்தை வைப்பர். பாத்திரத்தைத் தட்டால் மூடி, அத்தட்டின்மேல் சவுக்குக் கட்டையின் தணலையோ கொட்டாங்கச்சித் தணலையோ பரப்புவர். கடலூர்க் கரையெங்கும் சவுக்குத் தோப்பு மிகுதி. ஆதலின் தணலுக்குக் குறைவில்லை. மணல் வெப்பத்தைப் பரவலாக ஏற்று மெல்ல விடும். அடி கருகாமல் காக்கும். மேற்றணல் தோலை இறுக்கிப் பொன்னிறம் ஊட்டும். தொடக்கத்திலேயே மேற்றணல் மிகுந்தால் தோல் முன்னரே இறுகி, உள்ளிருந்து எழும் காற்று வழியின்றி நடுவே வெடிக்கும். எனவே முற்பாதி நேரம் கீழ்த்தீயும் பிற்பாதி நேரம் மேற்றீயும் மிகுமாறு பார்ப்பர். வெந்தமையை அறியத் தென்னை ஈர்க்கைக் குத்திப் பார்ப்பர். மாவு ஒட்டாது வந்தால் வெந்தது. பிற்காலத்தில் அழுத்தக் கொதிகலமாகிய குக்கரில் நீர் விடாது, மூடியின் ரப்பர் வளையத்தையும் எடையையும் நீக்கி, மணலோ உப்போ பரப்பிச் சுட்டதும் இம்முறையின் தொடர்ச்சியே.

மேலும் கீழும் தீ வைத்துச் சுடும் இம்முறைக்குக் கீழைக்கடல் எங்கும் உறவினர் உண்டு. கோவாவில் கிறித்து பிறப்பு விழாவிற்குரிய ‘பெபிங்கா’, தேங்காய்ப்பாலும் முட்டை மஞ்சட்கருவும் சேர்ந்த மாவை அடுக்கடுக்காய் வார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் மேற்றணலால் சுட்டு ஆக்கப்படுவது. இலங்கைக் கத்தோலிக்கரிடையே ‘பிபிக்கன்’ என்று தேங்காயும் ரவையும் கருப்பட்டியும் சேர்ந்த ஒரு பண்டம் உண்டு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் ‘பிபிங்கா’ என்பது அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் வாழையிலையில் வார்த்து மேலும் கீழும் தணலிட்டுச் சுடுவது. டிசம்பர் 16 முதல் 24 வரை நிகழும் விடியற்காலத் திருப்பலிகளின் பின் கோயில் வாயிலில் அதனை விற்பர். புதுச்சேரிக் கிறித்தவர் இல்லங்களில் ‘விவிக்கம்’ என ஒரு கிறித்து பிறப்புக் கேக்கு வழங்குகின்றது. ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய உலர்பழம் ஆகியவற்றால் ஆவது. பெபிங்கா, பிபிக்கன், பிபிங்கா, விவிக்கம் ஆகிய நான்கும் ஒரு குடிச் சொற்கள் எனக் கொள்ளுதல் தகும். நான்கும் ஒரே திருநாளுக்கு உரியன. பிலிப்பைன்ஸ் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தமையால் இதனைப் போர்ச்சுகீசியச் சொல் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது; கீழைக்கடல் வாணிகர் பலர் வாயிலும் புழங்கிய சொல் எனலே அமைவுடைத்து.

புதுவையினரும் இலங்கைத் தமிழரும் ஒருங்கே கேக்கிற்கு ரவையைக் கொள்ளுதல் கருதத்தக்கது. நம் நாட்டு அடுக்களையில் நெய்யில் வறுத்த ரவையும் உடைத்த அரிசியும் நெடுங்காலப் பழக்கத்தின. சிதம்பரத்தில் இதே மார்கழியில் ஆருத்திரா தரிசனத்தன்று வீடுதோறும் ஆக்கப்படும் திருவாதிரைக் களியும் வறுத்து உடைத்த அரிசியில் வெல்லமும் பயற்றம்பருப்பும் நெய்யும் சேர்த்துக் கிண்டப்படுவதே. களி கிண்டிய கை ரவைக் கேக்கு கலக்கத் தயங்குமோ? மேனாட்டு வடிவத்துள் நம் நாட்டு மாப்பதம் புகுந்துகொண்டது.

ஏனைய பண்டங்களும் அண்மையிலேயே கிடைத்தன. சர்க்கரை நெல்லிக்குப்பத்தது, அங்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கரும்பாலை இயங்கிவருகின்றது. முந்திரி பண்ருட்டியது. முந்திரி மரம் பிரேசிலினின்று போர்ச்சுகீசியரால் இந்தியாவிற்கு வந்தது. ஆனால் பெயர் பழந்தமிழ்ப் பெயர். ‘முந்திரிகை’ என்பது முன்னர்த் திராட்சைக் கொடியையும் கனியையும் குறித்தது. இலங்கைத் தமிழர் இன்றும் திராட்சையை முந்திரிகை என்றே வழங்கி, நாம் முந்திரி என்பதைக் ‘கசு’ என்றும் ‘மரமுந்திரிகை’ என்றும் வேறுபடுத்துவர். தமிழகத்தில் வந்த மரம் பழைய பெயரைத் தனக்கே எடுத்துக்கொண்டது. பெயரை இழந்த கொடி வடசொல்லாகிய ‘திராட்சை’யைப் பெற்றது. ஆகையால் யாழ்ப்பாணத்தார் எழுதிய கேக்குக் குறிப்பில் ‘முந்திரிகை வற்றல்’ என வருவதைப் பண்ருட்டி முந்திரி எனக் கொண்டு கலக்குவோர் பிழைபடுவர். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூரைத் தாக்கிப் பண்ருட்டிப் பகுதி முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் பெருமளவில் சாய்த்தது. அதன்பின் வந்த விழாக்களில் முந்திரியை எண்ணிப்போட வேண்டியதாயிற்று.

உலர்பழத்தை ஊறவைத்தலில் மட்டும் கடலூரும் புதுவையும் பிரிந்தன. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவி, 1971 வரை தமிழ்நாட்டில் நின்றது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த புதுவையில் அத்தடை இல்லை. எனவே பெண்ணையாற்றுக்கு வடக்கே ரம்மில் ஊறிய பழம், தெற்கே ஆரஞ்சுச் சாற்றிலோ சர்க்கரைப் பாகிலோ ஊறலாயிற்று. மதுவில் ஊறிய பழம் கேக்கை நெடுநாள் காக்கும். சாற்றில் ஊறியது காவாது. கடலூர்க் கேக்கு உடனே பங்கிட்டு உண்ணவேண்டிய பண்டமானமைக்குச் சட்டமும் ஒரு காரணம் எனலாம்.

பங்கிடுதல் இவ்விழாவின் உயிர்நாடி. சுட்ட பலகாரத்தைத் தட்டில் அடுக்கி, துணியால் மூடி, சிறுவர் கையில் அண்டை வீடுகளுக்கு அனுப்புவர். தீபாவளிக்கு வந்த தட்டும் நோன்புப் பெருநாளுக்கு வந்த பாத்திரமும் இதனால் ஈடு செய்யப்படும். தட்டைத் திருப்புவோர் வெறுந்தட்டாய்த் திருப்பார்; ஒரு பிடி சர்க்கரையேனும் இட்டே தருவர். எல்லாத் தட்டும் எல்லா வாயிலிலும் ஏற்கப்பட்டதில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. சமைத்த பண்டத்தைச் சாதி கருதி ஏலாதார் வீட்டிற்கு வாழைப்பழமும் கற்கண்டும் அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. நெருப்புப் பட்ட பண்டமே தீட்டுக்கு உரியது. படாதது உரியதன்று என்பது அவ்வழக்கின் உட்கிடை. சுட்டதற்கும் சுடாததற்கும் இடையே இங்கு நின்றது சமையல் வேறுபாடு மட்டும் அன்று. ‘பலகாரம்’ என்னும் சொல்லோ, நோன்பு நாளில் கனி உண்ணுதலைக் குறித்த ‘பலாகாரம்’ என்னும் வடசொல்லின் திரிபு. நோன்பிற்குரிய கனிகள் விழாவிற்குரிய பண்டமாய்ப் பொருள் மாறின. அப்பண்டத்தை மறுத்தார்க்கு மீண்டும் கனியே அனுப்பப்பட்டது.

விழாவின் மறுநாளும் தட்டுகள் செல்லும் நாளே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் பறங்கிப்பேட்டைக் கரையையும் தாக்கியது. முதல்நாள் சுட்ட பலகாரம் தீராத வீடுகள் இருந்த கரை அது. அந்நாள் இக்கரையில் இப்போது நினைவு நாள். மலரும் பாலும் கடலில் இடப்படுகின்றன.

இப்போது மின்னடுப்பு பல இல்லங்களிலும் வந்துவிட்டது. மணற்பாத்திரமும் மேற்றணலும் முதியோர் நினைவிலேயே உள்ளன. பிரியாணிக்குத் ‘தம்’ போடுவோரிடம் மட்டும் மூடிமேல் தணலிடும் தொழில் எஞ்சியுள்ளது, அச்சொல் பாரசீகம். கருவி மாறும்போது சொல்லும் மாறுதல் இயல்பே. ஆயின் மாற்றாக வரும் சொல் பொருந்துகின்றதா என நோக்கல் வேண்டும். ‘அடுமனை’ என்பதில் வரும் ‘அடு’ என்னும் வினை சமைத்தல் அனைத்திற்கும் பொது. அடுப்பு, அட்டில், அடிசில் எல்லாம் அதன்வழி வந்தவை. சோறாக்கும் இடமும் அடுமனையே. ‘வெதுப்பகம்’ என்பது இலங்கையில் வழக்கூன்றிவிட்டது. அதனை மாற்றுதல் எம் கருத்தன்று. எனினும் வெதுப்புதல் இளஞ்சூடு ஊட்டுதல். வெதுவெதுப்பான நீரில் கை வைக்கலாம். 180 பாகை வெப்பமுள்ள அடுப்பினுள் வைத்தல் ஆகுமோ?

‘சுடு’ என்பதை ஆளின், அது சுடுகாட்டை நினைப்பூட்டும் என்று தடை கூறுவாரும் உளர். சுடுசோற்றையும் சுடுநீரையும் உண்போரும் பருகுவோரும் அங்ஙனம் அஞ்சுவதில்லை. கேக்கு சுடுதல், ரொட்டி சுடுதல் என எழுதுதல் வழக்கிற்கும் ஒக்கும். பழைய மொழிபெயர்ப்பாளர் ஆண்ட ‘அப்பஞ்சுடுகிறவன்’ என்னும் சொல்லிற்கும் ஒக்கும். மூடிய அடுப்பிற்குச் ‘சூளையடுப்பு’ எனல் தகும். பண்ருட்டியில் மண்பொம்மை சுடும் குயவர் சூளைக்கும் கேக்கு சுடும் அடுப்பிற்கும் வேறுபாடு வெப்பத்தின் அளவிலேயன்றித் தொழிலில் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதிக்குப் பின்னர் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுப்போர், உழவர், நெசவாளர், மீனவர் ஆகியோரின் தொழிற்சொற்களையே பெரிதும் நாடினர். அடுக்களைக்குள் அவர்கள் மிகுதியும் சென்றிலர். அச்சு ‘கழலுதல்’, மாவு ‘பற்றுதல்’, ‘மேற்றணல்’ இடுதல், ஈர்க்குக் ‘குத்துதல்’, கேக்கு நடுவே ‘வெடித்தல்’ ஆகிய இவை கடலூர்ப் பெண்டிர் வாயில் இன்னும் உள்ளன. மேற்றணல் இட்டுச் சுட்டவர்களுக்கு இப்போது அகவை எழுபதுக்கு மேல். டிசம்பர் முதல் வாரத்தில் அச்சை எண்ணெயில் ஊறப்போடும்போதே தாளும் எழுதுகோலும் கொண்டு அவர்தம் வீட்டுத் திண்ணைக்குச் செல்வது நன்று. பிந்திச் சென்றால் அவர்களுக்குப் பேசப் பொழுதிராது.